குண்டு எத்தன நாளுக்கு இருக்கு?

எல்லையில பதட்டம்னா போதும், டிவில எத்தன ரஃபேல், எத்தன டேங்க்னு எண்ண ஆரம்பிச்சிடுறாங்க, ஆனா சண்ட ரெண்டாவது வாரம் போனா பீரங்கிக்குக் குண்டு மிச்சம் இருக்குமான்னு யாரும் கேக்குறதில்ல. என்னப் பொறுத்தவரை அதத்தான் முதல்ல கேக்கணும்.

கணக்கு பாக்க ஈஸிதான். ஒரு பீரங்கி கடும் சண்டையில ஒரு நாளைக்கு எத்தன ரவுண்டு சுடும், எத்தன பீரங்கி இருக்கு, எத்தன நாள் சண்ட, மூணையும் பெருக்கணும். நம்ம ராணுவத்துல இந்தக் கையிருப்ப வார் வேஸ்டேஜ் ரிசர்வ்னு சொல்றாங்க. இலக்கு 40 நாள், குறைஞ்சது 20 நாளுக்காவது இருந்தே ஆகணும். ஆனா அரசாங்கக் கணக்கத் தணிக்கை பண்ற சிஏஜியோட 2017 அறிக்கைய எடுத்துப் பாருங்க, 2016 செப்டம்பர் நிலவரப்படி 152 வகை வெடிமருந்துல 61 வகை 10 நாளுக்குக்கூட பத்தாது, 40 நாள் இலக்கத் தொட்டது வெறும் 31 வகை. படிச்சப்போ எனக்கு பக்குன்னு இருந்துச்சு.

அதுலயும் ஃபியூஸ், அதாவது குண்ட வெடிக்க வைக்கிற பாகம், அந்த விஷயம் இருக்கே, அது இன்னும் மோசம். 155 எம்எம் பீரங்கிக் குண்டு ஒரே பீஸா வராது. 40 கிலோவுக்கு மேல கனக்குற ஷெல் தனி, அதோட மூக்குல திருகுற ஃபியூஸ் தனி, ஷெல்ல பீரங்கியிலிருந்து தள்ளிவிடுற சார்ஜ் தனி, அதப் பத்தவைக்கிற பிரைமர் தனி. வெடிமருந்து டிப்போவுல ஷெல் மலையா குவிஞ்சு கிடந்தாலும் ஃபியூஸ் வரலேன்னா பிரயோஜனமில்ல.

அப்போ நிறைய வாங்கிக் குவிச்சிட வேண்டியதுதானேன்னா, அதுவும் சரிவராது. வெடிமருந்துக்கும் ஆயுசு உண்டு, பழசானா ஆபத்து. 2016 மே கடைசில மகாராஷ்டிரா புல்காவ் டிப்போ தீப்பிடிச்சு எத்தன உயிர் போச்சு.

என் கவலையே அந்த நாள் கணக்குமேலதான். எத்தன நாள் சண்டங்கிறது ஒரு அனுமானம், சீக்கிரம் முடிஞ்சிடும்னு நம்பித்தான் போடுறாங்க. கார்கில்ல ஒரே முனையிலயே ரெண்டரை லட்சம் குண்டு வரைக்கும் சுட்டோம். உக்ரைனுக்கு ஒரு வருஷத்துல 10 லட்சம் குண்டு தர்றோம்னு 2023 மார்ச்ல சொன்ன ஐரோப்பா, 2024 மார்ச் வரைக்கும் பாதியத்தான் குடுத்துச்சு, காசு இல்லாம இல்ல, ஃபேக்டரியால முடியல. அதனால கையிருப்பு எத்தன நாள்ங்கிறதோட, நீலகிரி அருவங்காடு மாதிரி நம்ம ஃபேக்டரிங்க மாசத்துக்கு எவ்வளவு செய்யும், அத ரெண்டு மடங்காக்க எத்தன மாசம் ஆகும்னு பார்லிமென்ட் பாதுகாப்புக் கமிட்டி வருஷா வருஷம் கேட்டு வாங்கணும்.