பட்டையை எங்கே ஒளித்து வைப்பது?

நானும் நண்பரும் ஓய்வு நேரத்தில் செஸ் ஆட்டங்களை அலசும் சிறிய மென்பொருள் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம், எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காக. கணக்குப் போடும் வேலை ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினுடையது, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலுடையது. இலவசம், உலகில் எந்த மனிதரையும் தோற்கடிக்கும். ஆகவே திரையில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதில்தான் மூன்று மாதமாக எங்களுக்குள் சண்டை.

பெரிய சண்டை, யார் முந்துகிறார் என்று காட்டிக்கொண்டு பலகையின் ஓரத்தில் ஏறி இறங்குமே, எஞ்சினின் அந்த மதிப்பீட்டுப் பட்டையைப் பற்றி. போட்டியில் தோற்று வந்த ஒரு பையன் தன் ஆட்டத்தை இரண்டே நிமிடத்தில் தட்டி முடித்தான். என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டேன். "இருபத்து மூன்றாவது நகர்த்தலில் மைனஸ் மூன்று, சார்" என்றான். மூன்று சிப்பாய் அளவுக்குப் பின்தங்கினான் என்று பொருள். ஏன் மைனஸ் மூன்று? தோளைக் குலுக்கினான்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷுக்கும் டிங் லிரெனுக்கும் நடந்த உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம் நினைவிருக்கிறதா? டிங் 55ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். அது பெரிய தவறு என்று பார்த்துக்கொண்டிருந்த நமக்கெல்லாம் பட்டை சொல்லிவிட்டது. குகேஷுக்கு யார் சொன்னார்கள்? யானைகளை வெட்டிக்கொண்டு, மூலையில் சிக்கிய டிங்கின் பிஷப்பையும் மாற்றிவிட்டால் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும்தான், அந்த முடிவாட்டம் தனக்கு வெற்றி என்பதை அவரே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சிறு வயதில் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரை எஞ்சின் இல்லாமலே பழக்கினார் என்பதைப் பட்டைப் பிரியரான என் நண்பரிடம் அடிக்கடி சொல்லி எரிச்சலூட்டுகிறேன்.

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். ஆட்டம் திரும்பியதாகத் தோன்றும் மூன்று இடங்களைப் பிள்ளை முதலில் குறிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். அதன் பிறகே எஞ்சின் வாய் திறக்கும். அந்த வரிகள், ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுத்தாகப் பதியும் பிஜிஎன் கோப்பிலேயே குறிப்புகளாகச் சேரும். 1993இல் வந்த வடிவம் அது. இன்றும் எந்தச் செஸ் மென்பொருளிலும் திறக்கும். எங்கள் செயலி நாளை செத்தாலும் பிள்ளையின் குறிப்பு சாகாது. இதில் மட்டும் சண்டையே வரவில்லை.

நகர்த்தல்கள் எஞ்சினின் தேர்வுக்கு எவ்வளவு நெருக்கம் என்று மதிப்பெண் போடும் துல்லியச் சதவீதத்தை மகிழ்ச்சியோடு தூக்கி எறிந்தேன். எதிராளி பத்தாவது நகர்த்தலில் ராணியைத் தானம் செய்தால் யாருக்கும் தொண்ணூற்றைந்து வரும், அதைப் பார்த்து வீட்டில் பாயசம் வைப்பார்கள். சில காய்களே மிஞ்சிய நிலைகளுக்கு முன்கூட்டியே விடை கணக்கிட்டு வைத்த முடிவாட்ட அட்டவணைகளில் ஐந்து காய் வரை போதும், ஏறக்குறைய 1 ஜிபி. ஏழு காய்களுக்கு 18 டிபி அளவுக்கு இடம் வேண்டும். எங்கள் பிள்ளைகளிடம் இருப்பதோ அண்ணன் கல்லூரியில் பயன்படுத்திய பழைய மடிக்கணினி.

சென்ற ஞாயிறு சோதனைக்குக் கொடுத்தோம். பட்டையை வரவழைக்க நண்பர் எனக்குத் தெரியாமல் ஒரு குறுக்குவிசை வைத்திருந்திருக்கிறார். பத்து வயதுப் பெண் ஒருத்தி அதை நான்கே நிமிடத்தில் கண்டுபிடித்து வகுப்பு முழுவதற்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள்.