அட்டையில் முகம் இருந்தால் போதுமா?

இளையோர் நூல்களுக்கான விருதுப் பட்டியல் வெளியான அன்றே "இந்த முறை எல்லாத் தரப்புக்கும் இடம் கிடைத்துவிட்டது" என்று பகிர ஆரம்பித்துவிடுகிறார்கள். எதை வைத்துக் கணக்குப் போட்டார்கள்? அட்டைப்படத்தை வைத்து! கறுப்பினச் சிறுமியின் முகம் ஒன்று, சக்கர நாற்காலி ஒன்று, முடிந்தது கணக்கு. எழுதியவர் யார் என்று ஒருவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. வயிறு எரிகிறது.

ஒருவரைப் பற்றி எழுதிய புத்தகம் வேறு, அவரே எழுதிய புத்தகம் வேறு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறார் நூல் மையம் இந்த இரண்டையும் தனித்தனியாகவே எண்ணுகிறது. 1985இல் எண்ணத் தொடங்கியபோது சுமார் 2,500 நூல்களில் கறுப்பினத்தவர் படைத்தவை 18. 2014இல் மையத்துக்கு வந்தவை சுமார் 3,500. அவற்றில் கறுப்பினத்தவரைப் பற்றியவை 180; கறுப்பினத்தவரே படைத்தவை 84. முதல் எண்ணை மட்டும் காட்டிக் கைதட்டுகிறார்கள். இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளின் கதையில் பாதிக்கு மேல் வேறு யாரோதான் சொல்லியிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் சிறார் நூல்களுக்கான பெரிய பொது விருதான நியூபெரி பதக்கம் 1922 முதல் தரப்படுகிறது. முதல் கறுப்பின எழுத்தாளராக வர்ஜீனியா ஹாமில்டன் அதைப் பெற்றது 1975இல். 1977இல் மில்ட்ரெட் டெய்லர். அடுத்தவர் கிறிஸ்டோபர் பால் கர்டிஸ், 2000இல்! நடுவே 22 முறை பதக்கம் கைமாறியது, ஒரு கறுப்பின எழுத்தாளர் கைக்குக்கூடப் போகவில்லை. பிரிட்டனில் சிறார் நூல்களுக்குத் தரும் கார்னகி பதக்கம் இன்னும் மோசம். 1936இல் தொடங்கியது, வெள்ளையரல்லாத ஒருவருக்குப் போய்ச் சேர 2019 ஆனது.

"அவர்களுக்குத்தான் தனி விருது இருக்கிறதே" என்று சொல்பவர்களைக் கண்டால்தான் கோபம் தலைக்கேறுகிறது. கறுப்பினப் படைப்பாளிகளின் சிறார் நூல்களுக்கான கொரெட்டா ஸ்காட் கிங் விருது ஏன் வந்தது? 1969இல் மேபல் மெக்கிஸிக், கிளிண்டன் கிரியர் என்ற இரு நூலகர்கள் பேசிக்கொண்டபோது, அதுவரை நியூபெரி வென்ற கறுப்பினத்தவர் ஒருவர்கூட இல்லை. பந்தியில் இலை போடாததால் அவர்களே உலை வைத்தார்கள். அந்த உலையைக் காட்டியே பந்தியில் இடம் மறுப்பது எந்த ஊர் நியாயம்?

தனி விருதுகளையும் ஒரே குவியலாகப் போடக் கூடாது. 1996இல் தொடங்கிய பூரா பெல்ப்ரே விருதுக்குப் படைப்பாளி லத்தீன் அமெரிக்க வம்சாவளியினராக இருந்தாக வேண்டும். 2004இல் வந்த ஷ்னைடர் குடும்ப விருது மாற்றுத்திறன் அனுபவத்தைச் சொல்லும் நூலுக்கானது. எழுதியவர் மாற்றுத்திறனாளியாக இருக்க வேண்டுமென்ற விதி கிடையாது. இரண்டையும் கூட்டி ஒரு எண் சொன்னால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

எண்ணத்தான் வேண்டுமென்றால் ஒழுங்காக எண்ணுங்கள். குறைந்தது பத்து ஆண்டுப் பட்டியலை எடுங்கள். நூலுக்கு நான்கு கட்டம்: மையப் பாத்திரம் யார், எழுதியவர் யார், ஓவியர் யார், பொது விருதா தனி விருதா. நாயகனின் தோழனாக ஓரமாய் வந்துபோகிறவரை மையப் பாத்திரமாக்காதீர்கள். ஓவியரை எழுத்தாளர் கணக்கில் சேர்க்காதீர்கள்; எண் ஊதிப்போவது பெரும்பாலும் அங்கேதான். அடிமை முறை, இனக்கலவரம் பற்றிய நூல்களைத் தனியாகக் குறித்துவையுங்கள். அவற்றைக் கழித்தபின், பள்ளிக்குப் போய், காதலித்து, பந்து விளையாடி, சும்மா வாழ்கிற ஒரு கறுப்பினப் பிள்ளையின் கதை எத்தனை மிஞ்சுகிறது? அந்த எண்ணை முதலில் போடுங்கள்.