எம் ஒன் அரியர் எங்கே விழுகிறது?

பொறியியல் கல்லூரிகளில் முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும் நாளில் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான் ஓடும்: "எம் ஒன் கிளியரா?" எம் ஒன் என்றால் முதல் செமஸ்டர் கணக்குப் பாடம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட, தேர்வு விதித் தொகுப்பில்) மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் என்று அதற்கு முழுப்பெயர் உண்டு, யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிளஸ் டூ கணக்கில் 90-க்கு மேல் எடுத்த பிள்ளை இதில் கோட்டை விட்டால் வீட்டில் இரண்டு காரணம் தயாராக இருக்கும். ஹாஸ்டலுக்குப் போய்க் கெட்டுவிட்டான், இல்லையென்றால் போன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஒழுங்காக வகுப்புக்குப் போய், போர்டில் எழுதியதை ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதி, ராத்திரி உட்கார்ந்து படித்த பிள்ளைகளும் விழுகிறார்களே, அதற்கு என்ன சொல்வது?

பிளஸ் டூவில் ஒரு வருடம் முழுக்க ஒரே புத்தகம், அதே பயிற்சிக் கணக்குகள். காலாண்டு, அரையாண்டு, அதன்பின் ரிவிஷன் டெஸ்ட் மேல் ரிவிஷன் டெஸ்ட். பிள்ளை தானாகப் படித்ததாக நாம் நினைத்துக்கொண்டோம். உண்மையில் பள்ளிதான் பிடித்து உட்காரவைத்துத் திரும்பத் திரும்ப எழுத வைத்தது. கல்லூரியில் அந்தக் கை இல்லை. நான்கு மாதத்தில் ஐந்து யூனிட், நடுவில் இரண்டு இன்டர்னல், அடுத்தது நேராகப் பல்கலைக்கழகத் தேர்வு. எழுத வைக்க ஆளில்லாமல் போனதும் பெரும்பாலான பிள்ளைகளிடம் மிஞ்சுவது வாசிப்பு மட்டும்தான். தீர்த்து வைத்த கணக்கைக் கண்ணால் ஓட்டுவார்கள். ஒவ்வொரு வரியும் புரியும். புரிகிறது என்பதால் தெரியும் என்று நம்பிப் பக்கத்தைப் புரட்டுவார்கள். அரியர், அதாவது பாஸாகாமல் நிற்கும் தாள், விழுவது அந்த இடத்தில்தான்.

2006-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒரு குழு ஒரு பாடப்பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள் 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. இதில் வேடிக்கை, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது வாசித்த குழுதான். தேர்வு ஹாலுக்கு வெளியே கடைசி ஐந்து நிமிடம் நோட்டைப் புரட்டும் பழக்கம் ஏன் சாகாமல் இருக்கிறது என்பதற்கு அந்த 83 போதும்.

ஆகவே செய்ய வேண்டியது: வகுப்பு நடந்த அன்றே 20 நிமிடம் ஒதுக்கி, நோட்டை மூடி வைத்துவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் அன்று போட்ட கணக்கில் ஒன்றை முதல் வரியிலிருந்து போட வேண்டும். நிற்கும் இடத்தில் நோட்டைத் திறக்கலாம், ஒரு வரி பார்க்கலாம், மூட வேண்டும். எந்த வரியில் நின்றதோ அதைச் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் சொந்த கைடு. அதே கணக்கை மூன்றாம் நாள் இன்னொரு முறை, ஞாயிற்றுக்கிழமை இன்னொரு முறை, மூன்று வாரம் கழித்து ஒரு முறை. ஞாயிறு போடும்போது எல்லா யூனிட்டையும் கலந்து போடுங்கள். ஒரே மாதிரி பத்துக் கணக்கை வரிசையாகப் போட்டால் ஐந்தாவதிலிருந்து மூளை தூங்கிவிடும், கைதான் ஓடும். வினாத்தாளில் எது எந்த வகைக் கணக்கு என்று யாரும் தலைப்புப் போட்டுத் தருவதில்லை.

காலேஜ் பஸ்ஸில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்று அலையும் பிள்ளைக்கு "நாலு மணிக்கு எழுந்து படி" என்று சொல்லும் ரீல்ஸ்காரர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. அந்தப் பிள்ளைக்கு 20 நிமிடம் கிடைக்கும், நான்கு மணி நேரம் கிடைக்காது. பஸ்ஸில் கணக்குப் போட முடியாது. டூ மார்க் கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்க்கலாம், அது போதும்.

இனி மார்க். பாஸாக என்ன வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சரியாகத் தெரியாது. நான் சொல்வது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், இணைப்புக் கல்லூரி, தியரிப் பாடம். தன்னாட்சிக் கல்லூரியிலோ, பிந்தைய ரெகுலேஷனிலோ எண்கள் மாறலாம், உங்களுடையதை எடுத்து வைத்துக்கொண்டு இதே கணக்கைப் போடுங்கள். இன்டர்னல் (கல்லூரி போடும் மார்க்) 40, எக்ஸ்டர்னல் (பல்கலைக்கழகத் தேர்வு) 60. தேர்வு 100-க்கு நடக்கும், அதை 60-க்குச் சுருக்குவார்கள். மொத்தத்தில் 50 வேண்டும், அதோடு தேர்வில் மட்டும் 100-க்கு 45 எடுத்தே ஆக வேண்டும். இன்டர்னலில் 23 வைத்திருப்பவருக்குத் தேர்வில் 45 போதும். 20 இருந்தால் 50 வேண்டும். 15 மட்டும் இருந்தால் 59. அதாவது இன்டர்னலில் 8 மார்க்கை அலட்சியமாக விட்டவர் தேர்வு ஹாலில் 14 மார்க் கூடுதலாகச் சுமக்கிறார்.

அந்த இன்டர்னலிலும் எழுத்துத் தேர்வுக்கு 60 சதவீதம்தான், மீதி 40 சதவீதம் அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் வகையறா. இறுதி 100-ல் 16 மார்க் அது. முந்தைய நாள் ராத்திரி ஒருவர் எழுதி, நாற்பது பேர் பார்த்து எழுதுவதும் இந்த 16-க்காகத்தான். மார்க் வந்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் உட்கார்ந்து, நேரக்கெடு இல்லாமல், புத்தகத்தைத் திறந்து வைத்துத் தப்புச் செய்து பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. அதையும் காப்பியடித்தால் முதல் தப்பைத் தேர்வு ஹாலில்தான் செய்வீர்கள்.

சீனியர்கள் அருளும் "மூணு யூனிட் போதும் மச்சி" என்ற உபதேசத்தையும் எண் வைத்துப் பாருங்கள். கணக்குத் தாளில் பார்ட் ஏ பத்து டூ மார்க், பார்ட் பி ஐந்து 16 மார்க். யூனிட்டுக்கு இரண்டு டூ மார்க், ஒரு 16. 16-க்குள்தான் ஏ அல்லது பி என்ற சாய்ஸ். ஆக யூனிட்டுக்கு 20 மார்க். இரண்டு யூனிட்டைத் தள்ளினால் கையில் இருப்பது 60, அதில் 45 எடுக்க வேண்டும். முக்கால் பங்கு பிசகாமல் வரவேண்டும். முக்கால் பங்கு பிசகாமல் போடக்கூடியவர் யூனிட்டைத் தள்ள வேண்டிய நிலையிலேயே இருக்க மாட்டார். நாலு யூனிட் முழுசாகவும், ஐந்தாவதில் டூ மார்க்கும் 16-ல் பாதியான ஓர் எட்டு மார்க் வகையும் என்று வைத்துக்கொள்வதுதான் மிகக் குறைந்த பாதுகாப்பு.

முதல் யூனிட்டான மேட்ரிசஸை யாரும் விடவே கூடாது. தப்பை நாமே கண்டுபிடிக்க வழியுள்ள யூனிட் அது. மூலைவிட்டத்தில் 8, 7, 3 வரும் அந்தப் பழைய கணக்கை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மூலைவிட்டக் கூட்டல் 18. ஐகன் மதிப்புகள் (மேட்ரிக்ஸிலிருந்து க்யூபிக் சமன்பாடு போட்டு எடுக்கும் எண்கள்) 0, 3, 15. கூட்டினால் அதே 18. பெருக்கினால் பூஜ்யம், டிட்டர்மினன்ட்டும் பூஜ்யம். இந்தச் சரிபார்ப்புக்கு அரை நிமிடம். மேட்ரிக்ஸ் சிமெட்ரிக்காக இருந்து, ஐகன் மதிப்புகள் வெவ்வேறாகவும் இருந்தால், ஐகன் வெக்டார்கள் ஒன்றுக்கொன்று செங்குத்து. இரண்டை எடுத்து உறுப்பு உறுப்பாகப் பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். இதைப் பார்க்காமல் அடுத்த படிக்குப் போகிறவர்கள் ஒரே ஒரு மைனஸ் குறியால் பாதிக் கணக்கைத் தொலைக்கிறார்கள். விடைத்தாளில் கண்ணீர் வரவழைக்கும் விஷயம், முறை முழுக்கச் சரி, க்யூபிக் சமன்பாட்டைப் பிரித்த இடம் மட்டும் தப்பு. அது பத்தாம் வகுப்புக் காலத்துச் சறுக்கல்.

ஐந்தாவது யூனிட்டில் சேஞ்ச் ஆஃப் ஆர்டர் (இரட்டை இன்டக்ரேஷனில் எக்ஸ், ஒய் வரிசையை மாற்றிப் போடுவது) என்றாலே பயம். படம் போடாமல் லிமிட்டை மட்டும் இடம் மாற்றி எழுதுவதுதான் காரணம். எக்ஸ் பூஜ்யத்திலிருந்து இன்ஃபினிட்டி, ஒய் எக்ஸிலிருந்து இன்ஃபினிட்டி என்று கொடுத்திருந்தால், முதலில் ஒய் சமம் எக்ஸ் கோட்டை வரைந்து அதற்கு மேலுள்ள பகுதியை நிழலிடுங்கள். இனி கிடையாக ஒரு பட்டை போட்டால் அது எக்ஸ் பூஜ்யத்தில் தொடங்கி எக்ஸ் சமம் ஒய்யில் முடிவதைக் கண்ணே சொல்லிவிடும். படத்துக்கும் ஸ்டெப் மார்க் உண்டு. படம் சரியாக இருந்து இன்டக்ரேஷன் சொதப்பினால்கூடக் கொஞ்சம் தேறும்.

கணக்கோடு கூடவே வரும் பைத்தான் புரோகிராமிங் பாடத்தை வேறு மாதிரி அணுக வேண்டும், பலர் அதையும் கட்டுரை மாதிரி மனப்பாடம் செய்கிறார்கள். முதலில் தாளில் கையால் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் வேரியபிளின் மதிப்பைப் பக்கத்தில் குறித்துக்கொண்டே போங்கள். கடைசியாகக் கணினியில் தட்டிப் பாருங்கள். இன்புட் வழியாக வருவது எப்போதும் ஸ்ட்ரிங், அதாவது எழுத்துக் கோவை. இன்ட் போட்டு எண்ணாக மாற்றாமல் 5-ஐயும் 5-ஐயும் கூட்டினால் 55 என்று வரும். இதை ஒருமுறை தானே செய்து ஏமாந்தவர் மறக்க மாட்டார், படித்து மட்டும் தெரிந்துகொண்டவர் லேப் எக்ஸாமில் மறப்பார்.

தமிழ் மீடியத்திலிருந்து வந்த தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. உங்களுக்குப் புரியாமல் போவது பெரும்பாலும் பாடமல்ல, கலைச்சொல். தமிழ்நாட்டு அரசின் பதினொன்று, பன்னிரண்டு பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. இரண்டும் ஒரே பாடம், ஒரே வரிசை. இயற்பியலையும் கணக்கையும் இரு மொழியிலும் இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். குறைகடத்தி என்று படித்ததுதான் செமிகண்டக்டர் என்று ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் விரிவுரையில் பாதி இருட்டு விலகிவிடும். நாளைக்கு ஐந்து சொல், ஒரு சின்ன நோட்டு. விடை எழுதும்போது ஆங்கிலப் பத்தியை மனப்பாடம் செய்யாதீர்கள். நடுவில் ஒரு சொல் மறந்தால் மொத்தமும் போய்விடும். படம், பாகங்களின் பெயர், கீழே ஆறேழு சின்ன வாக்கியம். இலக்கணப் பிழைக்காக இயற்பியல் தாளில் உங்களை யாரும் ஃபெயிலாக்கப் போவதில்லை.

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் என்பது எல்லாருக்கும் தெரியும், அதைச் செலவழிக்கத்தான் தெரியாது. செமஸ்டருக்கு 75 வேலை நாள் என்றால் 18 நாள் விடுப்புக் கிடைக்கும். அந்த 18-க்குள்தான் காய்ச்சல், அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா எல்லாம். முதல் மாதமே பத்தை பங்க்கில் கரைத்தவருக்கு டெங்கு வந்தால் திண்டாட்டம்.

தேர்வு ஹாலில் 180 நிமிடம், 100 மார்க். டூ மார்க் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம் என்று பத்துக்கும் 30. ஒரு 16-க்கு 28 நிமிடம் என்று ஐந்துக்கும் 140. மிச்சம் பத்து நிமிடம் சரிபார்க்க. 28 நிமிடம் தாண்டியும் நிற்கிறதா, பாதிப் பக்கம் இடம் விட்டு அடுத்ததுக்குப் போய்விடுங்கள். பிடிவாதமாக ஒரே கணக்கோடு 50 நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு, தெரிந்த கணக்கை எழுத நேரமில்லாமல் வெளியே வருபவர்கள் ஒவ்வொரு ஹாலிலும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் அரியர் விழுந்துவிட்டால், முதலில் விடைத்தாள் போட்டோகாப்பிக்கு விண்ணப்பியுங்கள். அதற்கான கடைசித் தேதி வேகமாக வந்துவிடும். ரீவேல்யுவேஷன் போடுகிறீர்களோ இல்லையோ, எந்த யூனிட்டில் எந்த வரியில் நின்றீர்கள் என்பது உங்கள் கையெழுத்திலேயே தெரியும். 2021 ரெகுலேஷனில் அடுத்த செமஸ்டரில் ஸ்டாடிஸ்டிக்ஸ் அண்ட் நியூமரிக்கல் மெத்தட்ஸ் என்ற கணக்குப் பாடம் காத்திருக்கிறது. அரியரை அதன் ஸ்டடி ஹாலிடேஸுக்குத் தள்ளிப் போட்டால் இரண்டு கணக்குத் தாள் ஒரே வாரத்தில் மோதும். ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம், பழைய வினாத்தாளில் வாரத்துக்கு இரண்டு 16 மார்க், கடிகாரம் வைத்து. அரியர் தேர்வு வருவதற்குள் முப்பது கணக்காவது கையால் போட்டிருப்பீர்கள்.