பார்க்க வராத அண்ணன்

கோபித்துக்கொள்ள வேண்டாம். யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அரைக் கிலோ திராட்சையும் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறோமே, அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கீமோ (புற்றுநோய்க்கு ஏற்றும் மருந்து) ஓடிக்கொண்டிருப்பவரைப் பார்க்கப் போகாதீர்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்கு ஏற்காட்டில் பஜ்ஜிக் கடை. மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஜனவரிக் கடைசியில் சேலத்தில் ஆபரேஷன் முடிந்து, அப்புறம் கீமோ. சிவப்பு மருந்து 21 நாளுக்கு ஒரு முறை, நான்கு தடவை. அதன் பிறகு வேறொரு மருந்து, வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. சென்னை அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அந்த இடத்தின் மேல் எனக்கும் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இதே மருந்துகள் சேலத்திலும் கிடைக்கும்போது, மாதக்கணக்கில் சென்னையில் அம்மாவோடு யார் தங்குவது?

முதல் கீமோ முடிந்து வீட்டுக்குக் கூட்டிப் போனோம். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சின்ன வயதில் எண்ணிக்கொண்டே போவோம். அன்றும் எண்ணினேன், வேறு காரணத்துக்காக. ஏழாவதில் ஒரு முறை, பதினொன்றாவதில் ஒரு முறை வண்டியை நிறுத்தி அம்மாவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். இனி இது ஆகாது என்று சேலத்திலேயே கோரிமேட்டில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். அங்கேதான் தப்பு செய்தோம். மலைமேல் இருந்திருந்தால் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். கோரிமேடு என்றால் டவுன் பஸ்ஸே போதும்.

ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி என்று எல்லாத் திசையிலிருந்தும் வந்தார்கள். பப்பாளி இலைச் சாறு குடிக்கச் சொன்னார்கள், சர்க்கரையை நிறுத்தச் சொன்னார்கள். ஒருவர் தன் நாத்தனாருக்கும் இதே இடத்தில்தான் வந்தது, பாவம் ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை என்று அம்மா முன்னாலேயே சொன்னார். படுத்திருந்த அம்மா ஒவ்வொருவருக்காகவும் எழுந்து உட்கார்ந்து, முடி போன தலையில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "கண்ணு, டீ போடு" என்பார். அழுதவர்களை அவர்தான் தேற்றினார். அவர்கள் போனதும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

இதில் மனசு மட்டும் அல்ல, உடம்பு விஷயமும் இருக்கிறது. மருந்து ஏறிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரைக்கும் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிதான். மூன்றாவது கீமோவுக்குப் பின் ஒன்பதாம் நாள், மூக்கு ஒழுகும் பேரனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அத்தை ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பதினொன்றாம் நாள் ராத்திரி தெர்மாமீட்டரில் 101. ஆட்டோ பிடித்து ஓடினோம். வெள்ளை அணு 800. ஐந்து நாள் ஊசி. அந்தக் குழந்தையால்தான் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், நம் உடம்புக்குள்ளேயே இருக்கும் கிருமி போதும் என்று டாக்டர் சொன்னார். ஆனாலும் வாசலில் நிறுத்திப் பேசி அனுப்ப எனக்கு வாய் வரவில்லையே என்று அந்த ஐந்து ராத்திரியும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

கூட இருப்பவளுக்கு வேண்டியது திராட்சை இல்லை. (தோல் உரிக்கிற பழம்தான் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், அதனால் வந்த திராட்சை முழுக்க நானே தின்றேன்.) இரண்டு மணி நேரம் யாராவது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நான் குளித்துத் தூங்கலாம். அதைக் கேட்டால் எல்லோருக்கும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

இப்போது பெரியப்பா மகனுக்கு வருகிறேன். அவன் ஒரு தடவைகூட வரவில்லை. "பெத்த தாய் மாதிரி வளர்த்தா, எட்டிப் பார்த்தானா?" என்று சொந்தத்தில் பேசாத வாய் இல்லை. ஆபரேஷனுக்கு முன்பு வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்றுக்கு நடந்தவன் அவன்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் எங்களுக்கு முன்னாலேயே போய் வரிசையில் நின்று, போட்டோ எடுக்கும் நேரத்துக்கு மட்டும் அம்மாவை வரச் சொன்னான்.

அப்புறம் கடை. சனி, ஞாயிறு தவறாமல் திறந்தான். மே மாதக் கோடை விழாவில்தான் அம்மாவுக்கு வருடத்தின் பெரிய வருமானம். அந்த நாட்களில் தன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அடுப்படியில் நின்றான். பணத்தை எனக்கு அனுப்பவில்லை, அம்மாவின் கணக்குக்கே ஜிபே செய்தான். ராத்திரி பத்து மணிக்கு போன் 'டிங்' என்றதும் அம்மா கண்ணாடியைத் தேடுவார். "இன்னைக்கு ரெண்டாயிரத்து நூறு" என்பார். அந்த நேரத்தில் எண்ணெய் வாசனை வந்தாலே குமட்டும் அவருக்கு, பக்கத்து வீட்டில் தாளித்தால்கூட ஜன்னலைச் சாத்தச் சொல்வார். ஆனால் கடைக் கணக்கு மட்டும் தித்தித்தது.

ஏன் வரவில்லை என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "வந்தா அழுதுருவேன். சித்தி எந்திரிச்சு என்னைத் தேத்தணும். எதுக்கு?" என்றான்.

கோரிமேட்டு வீட்டுச் சுவரில் பென்சில் கோடுகள் இன்னும் இருக்கும். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையின் விரல்களைப் பயிற்சிக்காகச் சுவரில் மேலே மேலே ஏற்றச் சொல்லியிருந்தார்கள். எட்டிய இடத்தில் நான் தேதி போட்டேன். முதல் கோடு அம்மாவின் தோள் உயரம், ஆகஸ்டில் காலி செய்தபோது கடைசிக் கோடு ஸ்விட்ச் போர்டுக்கு மேலே.

போன மாதம் கடைக்குத் திரும்பினார். முதல் நாள் அண்ணன் கரைத்து வைத்திருந்த மாவை ஒரு விரலில் தொட்டு வாயில் வைத்துப் பார்த்தார். "ஓமமே போடல. இதைத் தின்னுட்டா இத்தனை பேரும் காசு கொடுத்தாங்க?"