நெல்லி பாக்ஸாலின் அறை

பெண் எழுத்து பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும் ஆங்கில நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃபின் பெயரைச் சொல்லாமல் யாரும் மேடையை விட்டு இறங்குவதில்லை. எழுத நினைக்கும் பெண்ணுக்கு வருடம் 500 பவுண்டும் உள்ளிருந்து பூட்டிக்கொள்ள ஓர் அறையும் வேண்டும் என்று 1929இல் 'A Room of One's Own' (தனக்கென்று ஓர் அறை) என்ற புத்தகத்தில் எழுதினார். நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் இருந்தவருக்குச் சோறு யார் ஆக்கினார்கள் என்று கேட்காமல் அதை மேற்கோள் காட்டிவிட்டுப் போவது எனக்கு ஒப்பவில்லை. ஆக்கியவர் நெல்லி பாக்ஸால் என்ற சமையல்காரர். எழுத்தாளர் வீட்டில் அதிகாரம் படிப்படியாகக் கீழே இறங்குகிறது. ஆண் பெண்ணை அடக்குகிறான், அந்தப் பெண்ணின் சொல்லுக்கு இன்னொரு பெண் கட்டுப்பட்டு நிற்கிறாள். நாம் முதல் படியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

முதல் படி பொய்யல்ல. வர்ஜீனியாவின் அப்பா லெஸ்லி ஸ்டீபன் பெரிய அறிஞர், ஆங்கிலேய வாழ்க்கை வரலாற்று அகராதியின் முதல் ஆசிரியர். மகன்கள் தோபியும் ஏட்ரியனும் கேம்பிரிட்ஜ் போனார்கள். வர்ஜீனியா பெரும்பாலும் வீட்டிலேயே, அப்பாவின் புத்தக அலமாரியில் இருந்ததை எடுத்துப் படித்தார். 1895இல் அம்மா இறந்த பிறகு புதன்கிழமைதோறும் மகள்கள் வீட்டுக் கணக்கு நோட்டை அப்பா முன் வைக்க வேண்டும். முதலில் அம்மாவின் முதல் திருமணத்தில் பிறந்த மூத்தவள் ஸ்டெல்லா, அவளும் இறந்தபின் வனெசா. செலவு கூடியிருந்தால் மனிதர் நெஞ்சில் அடித்துக்கொள்வார், நாசமாய்ப் போனேன் என்று கத்துவார். வனெசா வாய் திறக்காமல் நிற்பாள். கத்தி முடித்துக் காசோலையில் கையெழுத்துப் போடுவார். இதே மனிதர் ஆண்கள் முன்னால் ஒருநாளும் இப்படி நடந்துகொண்டதில்லை என்பதை வர்ஜீனியா கவனித்து எழுதிவைத்திருக்கிறார். அப்பா இருந்திருந்தால் இன்று 96 வயது, அவர் வாழ்ந்திருந்தால் என் வாழ்க்கை முடிந்துபோயிருக்கும், புத்தகம் என்று ஒன்றும் வந்திருக்காது என்று 1928இல் நாட்குறிப்பில் எழுதினார். பெற்ற மகள் இப்படி எழுத வேண்டுமென்றால் அந்த வீடு அவளை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும்!

அதே வீட்டுக்கு ஒரு கீழ்த்தளமும் இருந்தது. அடுப்படியும் வேலைக்காரர்கள் உட்காரும் இடமும் இருட்டான அந்தக் கீழ்த்தளத்தில். படுக்கை வீட்டின் உச்சியில், கூரைக்கு அடியில். ஒருநாள் பிள்ளைகளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது வேலைக்காரப் பெண் ஒருத்தி அம்மாவிடம் வெடித்துவிட்டாள்: கீழே இருப்பது நரகம் மாதிரி இருக்கிறது. அம்மாவின் முகம் இறுகியது. வெளியே போ என்றார். அந்தப் பெண் சிவப்புத் திரைக்குப் பின்னால் மறைந்துபோனாள். இதையும் வர்ஜீனியாவே பல வருடம் கழித்து நினைவிலிருந்து எழுதினார். கணவனின் புகழுக்கும் பிள்ளைகளுக்கும் ஓடி ஓடி உழைத்தே ஓய்ந்த அம்மா அவர். அந்த நிமிடம் அவர்தான் முதலாளி.

நெல்லி பாக்ஸாலும் லாட்டி ஹோப்பும் 1916இல் வுல்ஃப் வீட்டுக்கு வேலைக்கு வந்தார்கள். அதற்கு முன் ஓவியர் ரோஜர் ஃப்ரை வீட்டில் இருந்தவர்கள். லாட்டி பெற்றோர் யாரென்று தெரியாத பெண், நெல்லி சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். லாட்டி 1924இல் போய்விட்டார். நெல்லி 1934 வரை, பதினெட்டு வருடம், அந்த வீட்டின் அடுப்பில் நின்றார். வர்ஜீனியாவின் பெரிய நாவல்கள் எல்லாம் இந்தக் காலத்தில் வந்தவை. வீட்டுக்கு ஓயாமல் விருந்தாளிகள். நெல்லி கோபித்துக்கொண்டு வேலையை விடுகிறேன் என்பார், பிறகு சமாதானமாவார். மறுபடி அதே சண்டை. கணவர் லெனார்டும் தலையிட்டதுண்டு, ஆனால் சமையல்காரரோடு மல்லுக்கட்டும் பாரம் பெரும்பாலும் வர்ஜீனியாவின் தலையில்தான் விழுந்தது. எழுத்தாளராகவே இருந்தாலும் வீட்டு நிர்வாகம் பெண் வேலை. (லெனார்ட் 1904 முதல் 1911 வரை இலங்கையில் பிரிட்டிஷ் நிர்வாக அதிகாரி. யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்து, தமிழ் கற்றவர். பிறகு சாம்ராஜ்யத்தையே வெறுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.)

இப்போது 1929க்கு வருகிறேன். அறை பற்றிய அந்தப் புத்தகம் அக்டோபரில் வெளிவந்தது. சில வாரங்களுக்குள் ஒரு பெரிய சண்டை. என் அறையை விட்டு வெளியே போங்கள் என்று நெல்லி வர்ஜீனியாவிடம் சொல்லிவிட்டார். அன்று அம்மா வேலைக்காரப் பெண்ணிடம் சொன்ன அதே சொல்லை இப்போது வேலைக்காரர் ஒருவர் அந்த அம்மாவின் மகளிடம் சொல்கிறார். வர்ஜீனியாவுக்கு அது தாங்கவில்லை. நாட்குறிப்பில் அவமானமும் ஆத்திரமும் கொட்டிக் கிடக்கின்றன. எனக்குத் தெரிந்தவரை அந்தப் புத்தகத்தின் உண்மையான முதல் வாசகி நெல்லிதான். அவர் அதைப் படித்தாரோ இல்லையோ, தனக்கென்று ஓர் அறை இருந்தால் மனுஷி என்ன செய்வாள் என்பதைச் செய்து காட்டிவிட்டார்.

அந்த 500 பவுண்ட் எங்கிருந்து வந்தது என்பதும் பார்க்க வேண்டியது. புத்தகத்தில் கதை சொல்லும் பெண்ணுக்கு அது அத்தையின் சொத்து. அந்த அத்தை பம்பாயில் காற்று வாங்கக் குதிரையில் போனபோது விழுந்து இறந்தவர். கற்பனை அத்தைதான். ஆனால் ஆங்கிலேயப் பெண்ணின் சுதந்திரத்துக்குப் பம்பாய் வழியாகப் பணம் வருகிறது என்று எழுதத் தோன்றியிருக்கிறதே, அதை இந்தியாவில் உட்கார்ந்து படிக்கும் நாம் தாண்டிப் போகக்கூடாது. நிஜ வாழ்க்கையிலும் 1909இல் இறந்த ஓர் அத்தை வர்ஜீனியாவுக்கு 2,500 பவுண்ட் விட்டுப் போனார். 1934இல் வுல்ஃப் தம்பதியின் ராட்மெல் கிராமத்து வீட்டுக்கு வேலைக்கு வந்த லூயி என்ற பெண்ணுக்கு வாரம் ஏழரை ஷில்லிங், குடியிருக்க வாடகையில்லாத சிறு வீடு. பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்று கணக்குப் போட்டால் வருடத்துக்கு 20 பவுண்டுகூட ரொக்கமாகத் தேறாது.

1930இல் நெல்லிக்குச் சிறுநீரகக் கோளாறு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த மாதங்களில் அவர் இல்லாத வீட்டின் நிம்மதி வர்ஜீனியாவுக்குப் பிடித்துப்போனது. திரும்ப வர வேண்டாம் என்று எழுதினார், பிறகு மனம் மாறிச் சேர்த்துக்கொண்டார். 1934இல் முன்கூட்டியே நாள் குறித்து, நெல்லியிடம் மூச்சு விடாமல் காத்திருந்து, அந்த நாளில் நிறுத்தினார். வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு கலங்கியது. நான் நேசிக்கும் எழுத்தாளர் இவர்.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது சம்பளம்கூட அல்ல, யார் கையில் பேனா இருந்தது என்பது. நெல்லியின் முரட்டுத்தனம், பிடிவாதம், அழுகை எல்லாம் நமக்குத் தெரியும், ஏனென்றால் வர்ஜீனியா எழுதினார். வர்ஜீனியாவின் முரட்டுத்தனம் நெல்லிக்கு எப்படி இருந்தது? 1956இல் பிபிசி வானொலியில் நெல்லி பேசிய கொஞ்சம் இருக்கிறது, அதுவும் எஜமானியைப் பற்றிய நிகழ்ச்சிக்காக. இந்த நாட்குறிப்பு ஒரு புத்தகமாக என் கைக்கு வந்தால் நெல்லியைத்தான் ஆசையோடு பற்றிக்கொள்வேன், மொத்தக் கதையையும் அவளைச் சுற்றியே கட்டுவேன் என்று 1929 டிசம்பரில் வர்ஜீனியா எழுதியிருக்கிறார். கட்டவில்லை. கவிஞர் எலிசபெத் பாரெட்டின் நாயை வைத்து 1933இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அப்பாவின் பிடியிலிருந்து 1846இல் இத்தாலிக்குத் தப்பியோடிய அந்தக் கவிஞரோடு நாயும் போனது, வில்சன் என்ற பணிப்பெண்ணும் போனார். நாய்க்குப் புத்தகம் கிடைத்தது. வில்சனுக்குக் கிடைத்தது கடைசியில் ஒரு நீண்ட குறிப்பு. அந்தக் குறிப்பில் இவளுடைய வரலாற்றை யாராவது எழுத வேண்டும் என்று வர்ஜீனியா மனதாரக் கேட்கிறார். வில்சன் 1855இல் பெற்ற குழந்தையை இங்கிலாந்தில் தன் சகோதரியிடம் விட்டுவிட்டு, எஜமானர் குடும்பத்தோடு ஃபிளாரன்ஸ் திரும்ப வேண்டியிருந்தது. எலிசபெத்தின் பிள்ளையை வளர்த்த கைகள் அவை.

'அந்தக் காலம் அப்படி' என்று கமெண்டில் சொல்ல வருபவர்களுக்கு: அந்தக் காலத்திலேயே நெல்லி எதிர்த்துப் பேசினார். அந்தக் காலத்திலேயே வர்ஜீனியா தன் வர்க்கத்தின் கூச்சத்தை அச்சில் ஒப்புக்கொண்டார், தொழிலாளிப் பெண்களின் சங்கத்துக்கு வீட்டில் இடம் கொடுத்தார். இருவருக்குமே தெரிந்திருந்தது. அதனால்தான் அந்தச் சண்டை அவ்வளவு காலம் நீண்டது.

வர்ஜீனியாவின் அக்கா, ஓவியர் வனெசா வீட்டில் கிரேஸ் ஹிக்கன்ஸ் என்ற பெண் 1920இல் வேலைக்குச் சேர்ந்து ஐம்பது வருடம் இருந்தார். அவர் நாட்குறிப்பு எழுதினார். அது இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. வர்ஜீனியாவைத் தமிழுக்குக் கொண்டுவந்த மொழிபெயர்ப்பாள நண்பர்களிடம் கேட்கிறேன்: கிரேஸின் பக்கங்களில் பத்தையாவது யாராவது கொண்டுவாருங்கள். மெய்ப்புப் பார்க்க நான் வருகிறேன்.