ஜேசனைத் தோற்கடித்தது கோர்ட்

கோத்தகிரியில் மழைக்காலத்தில் நெட் இருந்தால் ஆட்டம், நெட் போனால் ஆட்டத்தைப் பற்றிய சண்டை. எங்கள் செட்டில் இதுதான் வழக்கம். எங்கேயாவது ஒரு சில்வர் ஓக் கிளை முறிந்து கேபிள் மேல் விழுந்தால் போதும், அரவேனு வரைக்கும் எல்லோரும் மொபைல் டேட்டாவுக்கு வந்துவிடுவோம். போன வாரம் அப்படி வந்தபோது என் மாமா பையன் ஒரு வாய்ஸ் நோட் போட்டான். “எல்லாப் படத்துக் கொலைகாரனும் பேயும் ஒரே கேம்ல இருக்காங்க. அப்புறம் எதுக்கு மச்சான் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி கேம்?” அவன் சொல்வது டெட் பை டேலைட் என்கிற ஆன்லைன் கேமை. பதில் வாட்ஸ்அப்பில் அடங்கவில்லை, அதனால் இங்கே.

இந்த வகை ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. இரண்டு பக்கமும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் ஒருவன், கொல்ல வருபவன். எதிர்ப்பக்கம் நாலு பேரோ ஏழு பேரோ, தப்பிக்கப் பார்ப்பவர்கள். எல்லோருமே அவரவர் வீட்டில் உட்கார்ந்து ஆடும் நிஜ ஆட்கள். பலம் ஒரு பக்கம், எண்ணிக்கை மறுபக்கம்.

டெட் பை டேலைட் 2016 ஜூனில் வந்தது. செய்தவர்கள் மாண்ட்ரியலில் இருக்கும் பிஹேவியர் இன்டராக்டிவ். அதே வருடம் அக்டோபரிலேயே ஹாலோவீன் படத்தின் மைக்கேல் மையர்ஸை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். அதற்கப்புறம் டெக்சஸ் செயின்சா மேஸக்கர் படத்தின் லெதர்ஃபேஸ், எல்ம் ஸ்ட்ரீட் படத்தின் ஃப்ரெடி, சா படத்தின் பன்றி முகமூடி, ஸ்க்ரீம் படத்து முகமூடியோடு கோஸ்ட்ஃபேஸ், 2022-இல் ஜப்பானியப் பேய் சடாகோ, 2023-இல் ஏலியன், சக்கி பொம்மை என்று வரிசை நீண்டுகொண்டே போகிறது. அதே 2023-இல் ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜ் நிக்கோலஸ் கேஜாகவே வந்து தப்பித்து ஓடினார். அது எனக்கும் பிடித்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.

ஆனால் யார் வந்தாலும் சட்டம் ஒன்றுதான். மேப்பில், அதாவது ஆட்டம் நடக்கும் இடத்தில், ஏழு ஜெனரேட்டர், அதில் ஐந்தை ஓட வைத்தால் கேட்டுக்குக் கரண்ட் வரும், திறந்துகொண்டு ஓடலாம். கொலைகாரன் அடித்துச் சாய்த்து, தோளில் தூக்கிப்போய், கொக்கியில் மாட்டுவான். கனவில் வந்து கொல்கிற ஃப்ரெடியும் கொக்கியில்தான் மாட்டுகிறான். கிணற்றிலிருந்து ஏறி டிவி வழியாக வருகிற சடாகோவும் அதே கொக்கிதான். விண்வெளிக் கப்பலின் குழாய்க்குள் ஊர்ந்துபோன அந்த ஜந்து ஒரு ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்தால் பள்ளிக்கூடத்து மாறுவேடப் போட்டிதான் நினைவுக்கு வருகிறது. வேஷம் புதிது, உள்ளே இருப்பது அதே பையன். அவர்கள் முயற்சி செய்யவில்லை என்று சொன்னால் அநியாயம். மையர்ஸ் தூரத்தில் நின்று உற்றுப் பார்க்கப் பார்க்க அவன் பலம் ஏறும் என்று வைத்தார்களே, அது அந்தப் படத்தைப் புரிந்துகொண்டவன் எழுதிய விதி. சடாகோவுக்கும் மேப் முழுக்க டிவி வைத்தார்கள். ஆனால் கடைசியில் எல்லாப் பாதையும் அந்தக் கொக்கிக்குத்தான் போகிறது.

படத்தில் இருக்கும் பயம் ஆட்டத்தின் விதிக்குள் இறங்கியிருக்கிறதா? நான் பார்ப்பது இதை மட்டும்தான். இதில், அதே பெயர்ப் படங்களின் முகமூடிக் கொலைகாரன் ஜேசனை வைத்துச் செய்த ஃப்ரைடே த தர்ட்டீன்த் ஆட்டத்தை மிஞ்சிய ஒன்றை நான் இன்னும் ஆடவில்லை.

அது 2017 மே மாதம் வந்தது. இல்ஃபோனிக் செய்தது, கன் மீடியா வெளியிட்டது. முதலில் சம்மர் கேம்ப் என்ற பெயரில், ஜேசன் இல்லாமல், அந்தப் படங்களுக்குக் கும்பிடு போடும் ஒரு ஆட்டமாகத்தான் தொடங்கினார்கள். அப்புறம் படத்தின் லைசென்ஸே கையில் வந்தது. 2015-இல் ரசிகர்களிடமே பணம் திரட்டிச் செய்தார்கள். நாலு படங்களில் ஜேசனாக நடித்த கேன் ஹாடரே வந்து ஜேசனின் உடலசைவுகளைச் செய்து கொடுத்தார்.

ஜேசன் ஒருவன், எதிரே ஏழு பேர் வரை. தப்பிக்க ஒரே வழி என்று எதுவும் இல்லை. காருக்குப் பேட்டரி, பெட்ரோல், சாவி மூன்றையும் தேட வேண்டும். படகு என்றால் ப்ரொப்பெல்லரும் பெட்ரோலும். போன் வேலை செய்ய ஒரு ஃப்யூஸ் கண்டுபிடித்துப் போட்டுப் போலீஸைக் கூப்பிட்டால், அவர்கள் வர ஐந்து நிமிடம் ஆகும், அதுவரை உயிரோடு இருக்க வேண்டும். எதுவுமே முடியாவிட்டால் இருபது நிமிடம் ஒளிந்தே கிடக்கலாம். கார் கிளம்பும் நேரத்தில் ஏழு பேரில் யாருக்கு இடம் என்று வரும் பாருங்கள், அங்கேதான் மனுஷன் குணம் தெரியும். இரண்டு சீட் வண்டியை எடுத்துக்கொண்டு என்னை விட்டுப் போனவர்கள் இன்றும் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை.

பயத்துக்கே அதில் ஒரு கணக்கு உண்டு. இருட்டில் நின்றால் பயம் ஏறும். பிணத்தைப் பார்த்தால் ஏறும். ஏற ஏற ஜேசனின் கண்ணுக்கு நீங்கள் எளிதாகத் தெரிவீர்கள். லைட் எரிகிற அறைக்குள் போனால் பயம் தணியும், அதனால் எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். அவன் வெளியே இருக்கும் ஃப்யூஸ் பெட்டியை உடைத்துவிடுவான். மலைமேல் இருக்கும் எங்களுக்குக் கரண்ட் போவது ஒரு செய்தியே இல்லை. ஆனால் அந்த அறையில் லைட் அணையும்போது என் கை தானாக ஹெட்போனைக் கழற்றப் போகும்.

அதைவிடப் பெரிய விஷயம் குரல். பக்கத்தில் இருப்பவன் பேசினால்தான் கேட்கும். தூரத்தில் இருப்பவனிடம் பேச வாக்கி டாக்கி கிடைக்க வேண்டும். ஜேசன் அருகில் இருந்தால் நீங்கள் பேசுவது அவனுக்கும் கேட்கும். “டேய், பேட்டரி கெடச்சிருச்சுடா, கார்கிட்ட வா” என்று கத்திக்கொண்டு வந்த குரல் பாதியில் நிற்கும். அதற்கப்புறம் ஒன்றும் கேட்காது. அவன் செத்தானா, ஒளிந்தானா, போய்ப் பார்ப்பதா, வேண்டாமா? ராத்திரி தேயிலைத் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் காட்டுமாடு நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்து பழகியவர்களுக்கு இந்த ஆட்டத்தை விளக்கவே வேண்டாம், முதல் தடவையிலேயே கன்ட்ரோலரை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். டிஸ்கார்ட் ஆப்பில் ஏழு பேரும் சேர்ந்து பேசிக்கொண்டே இதை ஆடியவர்கள், என்னைக் கேட்டால், இதை ஆடவே இல்லை.

ஆட்டத்தில் பிழைகள் இருந்தன. கதவுக்குள் கால் மாட்டிக்கொள்ளும், ஜேசன் வேலிக்குள் சிக்கி நடனமாடுவான். அதெல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டினோம். அதைச் சாகடித்தது வேறு.

1980-இல் வந்த முதல் படத்தின் திரைக்கதையை எழுதியவர் விக்டர் மில்லர். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. உரிமையை எழுதிக் கொடுத்த எழுத்தாளர் 35 வருடம் கழித்து அதைத் திரும்பக் கேட்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்து எழுதியிருந்தால் மட்டும் கேட்க முடியாது. மில்லர் 2016-இல் நோட்டீஸ் அனுப்பினார். அவர் சம்பள ஆள்தான் என்றது எதிர்த்தரப்பு, இல்லை என்றார் அவர். அந்த வருடமே வழக்கு தொடங்கிவிட்டது. அதாவது ஆட்டம் வெளிவரும்போதே மேலே கத்தி தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

2018 ஜூனில் கன் மீடியா கையைத் தூக்கிவிட்டது. இனி புதிதாக எதுவும் சேர்க்க முடியாது. பத்தாவது படத்து விண்வெளி ஜேசனும் அந்தக் கப்பல் மேப்பும் பாதி வேலையில் நின்றன. சில மாதத்தில் கீழ்க்கோர்ட் மில்லர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2021 செப்டம்பரில் மேல்முறையீட்டிலும் அவரே ஜெயித்தார். அதிலும் ஒரு வேடிக்கை. முதல் படத்தில் கொலை செய்வது ஜேசன் இல்லை, அவன் அம்மா. ஹாக்கி முகமூடி வருவதே 1982-இல், மூன்றாவது படத்தில். அப்படியென்றால் வளர்ந்த, முகமூடி போட்ட அந்த ஜேசன் யாருடைய சொத்து? மில்லருக்குக் கிடைத்தது முதல் திரைக்கதையின் உரிமை, அதுவும் அமெரிக்காவுக்குள் மட்டும். இப்படிச் சிக்கிக் கிடக்கும் ஒரு ஆளை வைத்து யார் புது மேப் போடுவார்கள்?

எழுதியவர் கைக்கு உரிமை போய்ச் சேர்ந்ததில் எனக்கு வருத்தமே இல்லை. கதை யாருடையது என்ற சண்டை கோடம்பாக்கத்துக்கும் புதிதில்லை, அங்கே எழுதியவன் ஜெயிப்பது அபூர்வம். மில்லர் ஜெயித்தது நியாயம். என் கோபமெல்லாம் பணம் கொடுத்து வாங்கிய ஆட்டக்காரன் இந்த வழக்கில் எங்குமே ஒரு தரப்பாக இல்லை என்பதில்தான். 2020 நவம்பரில் தனி சர்வர்களை மூடினார்கள். அதற்கப்புறம் ஆடுபவர்களில் ஒருவன் மெஷினே சர்வர். அவன் கோபித்துக்கொண்டு போனால் எல்லோருக்கும் ஆட்டம் முடிந்தது, எங்கள் ஊர் நெட்டில் அவன் கோபப்படவே தேவையில்லை. 2023 டிசம்பர் 31-ஆம் தேதியோடு லைசென்ஸ் முடிந்து கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு வருடம் அவகாசம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இது ஒன்றுக்கு மட்டும் நடந்ததென்றால் விதி என்று விட்டுவிடலாம். ஈவில் டெட் ஆட்டத்தைப் பாருங்கள். 2022 மே மாதம் சேபர் இன்டராக்டிவ் வெளியிட்டது. 1981 படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று காட்டுக்குள் தாழ்வாகப் பாய்ந்து வரும், கேமராவே அதன் கண்ணாக இருக்கும். ஆட்டத்தில் பேயாக ஆடுபவனுக்கு அந்தக் கேமராவையே கையில் கொடுத்துவிட்டார்கள். நீங்கள்தான் அந்தப் பாய்ச்சல். மரத்துக்குள் புகலாம், காருக்குள் புகலாம், பயம் ஏறிய மனிதனுக்குள்ளும் புகலாம். இதைவிட விசுவாசமாக ஒரு படத்தை ஆட்டமாக்க முடியுமா என்று தெரியவில்லை. 2023 செப்டம்பரில் புதிய வேலைகள் நிறுத்தம், 2025 ஏப்ரலில் விற்பனையும் நிறுத்தம்.

டெக்சஸ் செயின்சா மேஸக்கர், 2023 ஆகஸ்ட். இங்கே மூன்று பேர் கொலைகாரர்கள், நாலு பேர் இரை. ஏன் மூன்று? 1974 படத்தின் பயம் ஒரு தனி ஆளிடம் இல்லை, ஒரு குடும்பத்திடம் இருக்கிறது. அதனால் குடும்பமாகத்தான் வேட்டை. லெதர்ஃபேஸ் பெரிய உருவம், குறுகிய சந்தில் நுழைய முடியாது, லிஃப்ட் கேட்டு வருகிற அவன் சகோதரன் நுழைவான். சமையல்காரன் கதவுக்குப் பூட்டுப் போடுவான். தாத்தாவுக்கு ரத்தம் ஊட்ட ஊட்ட, தப்பி ஓடுபவர்களில் யார் அசைந்தாலும் அவருக்குத் தெரியும், குடும்பத்துக்கும் தெரியும். தப்பிப்பவன் டப்பாவைத் திறந்தால் சத்தம், தொங்கும் எலும்பில் பட்டால் சத்தம், கோழி கத்தினால் ஆபத்து. அற்புதமான யோசனை. அதற்கும் 2025-இல் புதிய உள்ளடக்கம் நின்றது. ப்ரெடேட்டர் ஆட்டத்தில் சேற்றைப் பூசி ஒளியலாம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது மாமா பையனுக்குப் பதில். டெட் பை டேலைட் பிழைத்திருப்பதற்குக் காரணம் அது நல்ல தழுவல் என்பதில்லை, எந்தப் படத்தையும் அது நம்பி இல்லை. 2025 ஏப்ரலில் ஹெல்ரெய்ஸர் லைசென்ஸ் முடிந்தது. அந்தப் படத்துக் கொலைகாரன் ஊசித்தலையனைக் கடையிலிருந்து எடுத்தார்கள், ஏற்கனவே வாங்கியவர்களிடம் மட்டும் இருக்கிறான், மறுநாளும் ஆட்டம் வழக்கம்போல நடந்தது. எந்தக் கொக்கியை நான் கேலி செய்தேனோ அதுதான் அவர்களைக் காப்பாற்றுகிறது. எல்லோருக்கும் பொதுவான விதி இருந்தால் யார் விலகினாலும் விதி நிற்கும். ஜேசனுக்காகவே எழுதிய விதியில் ஜேசன் போனால் எதுவும் மிஞ்சாது. கடைக்காரன் புத்தி என்று பார்த்தால் அவர்கள் செய்வது சரி. எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். 2025-இல் ஹாலோவீனுக்கென்று ஒரு தனி ஆட்டம் அறிவித்திருக்கிறார்கள், செய்பவர்களும் பழைய ஜேசன் ஆட்கள்தான். வாங்குவேன். எத்தனை வருடம் உயிரோடு இருக்கும் என்று முதலில் பார்ப்பேன்.

நம் பேய்ப்படத்தை இப்படி யாராவது செய்ய மாட்டார்களா என்று செட்டில் அடிக்கடி கேட்கிறார்கள். மேப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு பழைய எஸ்டேட் பங்களா, கீழே டீ ஃபேக்டரி, லைன் வீடுகள், இடுப்புயரச் செடி, மேகம் இறங்கினால் பத்தடி தெரியாது. ஜீப்பைக் கிளப்பப் பேட்டரி, போன் பேச டவர் கிடைக்கிற மேடு. எல்லாம் தயார். விதிதான் இடிக்கும். நம் ஊர்ப் பேய் போகிற வருகிறவனையெல்லாம் கொல்லாது. அதற்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கும், அநியாயமாகச் செத்திருக்கும், கொன்றவனைத் தேடித்தான் வரும். தியேட்டரில் மொத்த ஜனமும் பேய் பக்கம்தான். அப்படியென்றால் பங்களாவுக்குள் இருக்கும் நாலு பேரில் ஒருவன் குற்றவாளி, அது அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று வைக்க வேண்டும். பேய் துப்புத் தேட வேண்டும், தப்பான ஆளை அடித்தால் அதன் பலம் குறைய வேண்டும். மற்ற மூன்று பேர் தப்பி ஓடுவதா, குற்றவாளியைப் பேயிடம் காட்டிக்கொடுப்பதா என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். குற்றவாளி நல்லவன் மாதிரி எல்லோரோடும் சேர்ந்து ஜீப்பைத் தள்ள வேண்டும்.

மாமா பையனிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, “லாபியில எல்லாருமே பேய்தான் கேப்பாங்க மச்சான், கொன்னவனா யாரும் வரமாட்டாங்க, மேட்ச்சே கிடைக்காது” என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கொன்றவனாக ஆட யாராவது தயாரென்றால் கமென்டில் சொல்லுங்கள்.