பெல்ஜியத்தின் முதல் என்ஜின்கள் டேங்க் என்ஜின்கள் அல்ல

“1835ல் பெல்ஜியத்தில் ஓடிய முதல் என்ஜின்களே டேங்க் வகைதான், வால்ஷார்ட்ஸ் வால்வு அமைப்புடன் வந்தவை” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. டேங்க் என்ஜின் என்றால் தண்ணீரையும் எரிபொருளையும் தானே சுமக்கும் நீராவி ரயில் என்ஜின்; வால்ஷார்ட்ஸ் அமைப்பு என்பது சிலிண்டருக்குள் நீராவி போய்வருவதைக் கட்டுப்படுத்துவது. 1835 மே 5 அன்று பிரஸ்ஸல்ஸ்–மெக்கலன் பாதையில் ஓடிய மூன்று என்ஜின்களும் இங்கிலாந்தில் செய்தவை. தண்ணீரும் எரிபொருளும் பின்னால் டெண்டர் என்ற தனி வண்டியில் வந்தன. வால்ஷார்ட்ஸ் அமைப்புக்கு 1844ல்தான் காப்புரிமையே கிடைத்தது. அதுவும் அதைக் கண்டுபிடித்த வால்ஷார்ட்ஸ் பெயரில் அல்ல, ஃபிஷர் என்ற பொறியாளர் பெயரில். பட்டறையில் உழைத்த மனிதருக்கு நேர்ந்த அநியாயம் அது.

டேங்க் என்ஜினுக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் ‘பே டி வாஸ்’ இருக்கிறது. ஆன்ட்வெர்ப்–கெண்ட் பாதைக்காக குஸ்தாவ் டி ரிடர் வடிவமைத்தது. அந்தப் பாதையின் தண்டவாள இடைவெளியும் வழக்கமான 1,435 மி.மீ.யைவிடக் குறுகலானது. தூரம் குறைவு என்பதால் டெண்டர் தேவைப்படவில்லை. தண்ணீரை என்ஜினே சுமந்தது. அப்படிச் சுமக்கும்போது அந்த எடை சக்கரங்களுக்குப் பிடிமானம் தரும். ஆனால் தண்ணீர் தீரத் தீரப் பிடிமானமும் குறையும், நெடுந்தூரமும் போக முடியாது. அந்த என்ஜின் இன்றும் பிரஸ்ஸல்ஸின் ஸ்கார்பேக் பகுதியில் உள்ள ட்ரெய்ன் வேர்ல்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பிரஸ்ஸல்ஸ் போனால் அவசியம் பாருங்கள்.

அப்புறம், அதே பதிவில் நீங்கள் சொன்ன பெல்பேர் நெருப்பறை (என்ஜினில் எரிபொருள் எரியும் பெட்டியின் ஒரு வகை) 1860களில் வந்தது. 1835க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.